டம்ளருக்கும் வாய்க்கும் நடுவுல

எங்க பக்கம் கும்பாபிஷேகத்துக்குப் பஞ்சமே கிடையாது. அம்பத்தூர், கொரட்டூர், திருமுல்லைவாயல், பட்டாபிராம்னு வீடுங்க பெருகப் பெருக, தெருவுக்கு ஒரு பிள்ளையாரும் ஏரியாவுக்கு ஒரு அம்மனும் சேந்து பெருகிட்டாங்க. பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைங்கறது கணக்கு. ஆனா கோயில் அவ்வளவு இருக்கே, எந்த மாசம் வெளிய கிளம்பினாலும் எங்கயாவது ஒரு பந்தல், ஒரு மைக், அந்த மைக்ல கலசத்தோட தத்துவம் சொல்லிக்கிட்டு ஒரு பெரியவர். செம்புதான் உடம்பு. சுத்தியிருக்கற நூல் நாடி நரம்பு. உள்ள இருக்கற தண்ணி ரத்தம். மேல உக்காந்திருக்கற தேங்கா தலை. சுத்தி நிக்கற மாவிலை சடைமுடி.

கேக்க நல்லாத்தான் இருக்கு. தப்பும் இல்ல. சாவு வீட்டுல கொள்ளிக்குடத்தைத் தோள்ல வெச்சு, மூணு சுத்துக்கு மூணு ஓட்டை போட்டு, தண்ணி ஒழுக ஒழுக நடந்து கடைசியில பின்பக்கமா போட்டு உடைக்கறதைப் பாத்தவங்களுக்குக் குடம்தான் உடம்புன்னு யாரும் மைக் வெச்சுச் சொல்ல வேண்டியதில்ல.

ஆனா இந்த மாதிரி தத்துவம் பேசற எல்லாரும் (புத்தகம் எழுதறவங்களும் சேத்துதான்) பாத்திரத்துக்கு உள்ள என்ன இருக்குன்னுதான் பேசறாங்க. அமுதம், தீர்த்தம், உயிர், நிறைவு. நம்ம ஊர்ல குடிக்கற பாத்திரத்தோட அர்த்தம் உள்ள இருக்கற சரக்குல இல்ல, விளிம்புல இருக்குங்கறது என் கட்சி. யாரோட வாய் எந்த விளிம்புல படலாம், எதுல படக்கூடாது. கலசம், கிண்ணம், செம்புன்னு சிற்பத்துலயும் சடங்குலயும் ஆயிரம் அடையாளம் இருக்கட்டும். இந்த ஒரு அர்த்தத்துக்கு முன்னாடி மத்ததெல்லாம் சும்மா அலங்காரம்தான். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க. பஞ்சாயத்து அப்பறம் வெச்சுக்கலாம், சொம்பு என்கிட்டயே இருக்கு :-)

முதல்ல பேரு சமாச்சாரம். நம்ம வீடுகள்ல எவர்சில்வர் பாத்திரத்துல பேர் வெட்டாம யாரும் வாங்கினது கிடையாது. முன்னாடி சின்ன உளியும் சுத்தியலும் வெச்சுப் புள்ளி புள்ளியா அடிப்பாங்க. அப்பறம் கர்ர்ர்னு கத்தற மெஷின் வந்துது. பாத்திரக்கடை வாசல்லயே ஒருத்தர் உக்காந்து வெட்டிக் குடுப்பார். "இன்னார் வீட்டுத் திருமணம், அன்பளிப்பு" அப்படின்னு ஒரு டம்ளர்ல குடும்ப வரலாறே இருக்கும். மொய் நோட்டு தொலைஞ்சாலும் டம்ளர் தொலையாது.

இது நேத்திக்கு ஆரம்பிச்ச பழக்கம்னு நெனச்சீங்கன்னா கீழடியப் பாருங்க. அங்க நாலாவது கட்ட அகழாய்வுல தமிழி எழுத்து கீறின பானை ஓடு 56 கிடைச்சதா 2019-ல தொல்லியல் துறை அறிக்கை போட்டுச்சு. ஆதன், குவிரன்னு மனுஷப் பேருங்க. கொடுமணல்லயும் இதே மாதிரி நிறைய. இலக்கியம் இல்ல, சாசனம் இல்ல. சட்டியிலயும் கிண்ணத்துலயும் பேரு. எனக்கு அதைப் பாத்ததும் தோணினது நம்ம எவர்சில்வர் டம்ளர்தான். ரெண்டாயிரம் வருஷமா நாம பாத்திரத்துல எழுதிக்கிட்டே இருக்கற ஒரே வாக்கியம் "இது என்னோடது".

என்னோடதுன்னு சொல்றதுல ஒரு தப்பும் கிடையாது, அடகுக்கடையிலயும் கல்யாண மண்டபத்துலயும் மாறிப் போகாம இருக்க உதவும். "உன்னோடது இது"ன்னு அடுத்தவன் கையில ஒண்ணக் குடுக்கறப்பதான் வில்லங்கம் ஆரம்பிக்குது.

எச்சில்ங்கற வார்த்தைய எடுத்துக்கோங்க. வாய்ல ஊறறதும் எச்சில், சாப்ட மிச்சமும் எச்சில், வாய் வெச்ச பாத்திரமும் எச்சில். மூணுக்கும் ஒரே சொல். சின்ன வயசுல தண்ணி குடிக்கக் கத்துக்குடுக்கும்போதே "வாய் வெக்காம தூக்கிக் குடி"ன்னுதான் கத்துக்குடுக்கறோம். மூக்குல ஏறி புரையேறி, சட்டையெல்லாம் நனைஞ்சு, அப்பறம் ஒருவழியா வந்துடும். நம்ம டம்ளர், டபரா ரெண்டுத்துக்கும் விளிம்பு வெளிய பாத்து மடிஞ்சிருக்கறதைக் கவனிச்சிருப்பீங்க. ஆத்தறதுக்கும் அது வசதி, உதடு படாம ஊத்திக்கறதுக்கும் வசதி. மண்ணுன்னா எச்சில் பட்டதும் உடைச்சுப் போடணும். உலோகம்னா புளி போட்டு, சாம்பல் போட்டுத் தேச்சாப் போதும். எந்தப் பாத்திரம் எந்த அளவுக்குத் தீட்ட வாங்கும், எதுல இருந்து தீட்டு போகும்னு ஒரு பெரிய கணக்கே வெச்சிருந்தாங்க. வடக்க மண் குல்லட்ல டீ குடிச்சிட்டுத் தூக்கி எறியறதை நாம இப்ப சுற்றுச்சூழல்னு சிலாகிக்கறோம் (2004-ல லாலு ரயில்வே மந்திரியா இருந்தப்ப ஸ்டேஷன்ல குல்லட் கொண்டு வரேன்னார், ஞாபகம் இருக்கும்). எனக்கும் குல்லட் டீ பிடிக்கும். ஆனா ஒருத்தன் வாய் வெச்சதை இன்னொருத்தன் தொடக்கூடாதுன்னு முடிவெடுத்துட்ட ஒரு ஊருக்கு அதைவிடத் தோதான பாத்திரம் எது?

இதுல வேடிக்கை என்னன்னா, கதையிலயும் சிற்பத்துலயும் நாம கும்புடற பாத்திரமெல்லாம் இந்தக் கணக்குக்கு நேர் எதிரா இருக்கும். கண்ணப்பர்கிட்ட செம்பே கிடையாது. ஆத்துத் தண்ணிய வாய்ல அடக்கிக் கொண்டுபோய் லிங்கத்து மேல கொப்புளிச்சார். அதான் அபிஷேகம். பக்கத்துலதான் காளத்தி, நம்ம ஜனங்க வேன் பிடிச்சு ராகு கேது பரிகாரத்துக்குப் போயிட்டு வராங்க, கண்ணப்பரையும் கும்புட்டுட்டுதான் வராங்க. தஞ்சாவூர் கலைக்கூடத்துல திருவெண்காட்டுப் பிட்சாடனர் செப்புத் திருமேனி இருக்கு. பாத்தா அசந்து போவீங்க. சிவன் கையில பிரம்மனோட மண்டை ஓடு, அதுதான் திருவோடு. ஊர் ஊராப் போய் எந்த வீட்டுல எது போட்டாலும் வாங்கிச் சாப்பிடற சாமி. மண்டை ஓட்டை விடத் தீட்டான பாத்திரம் சாஸ்திரத்துல உண்டா? அதைத்தான் சாமி கையில குடுத்து வெச்சிருக்காங்க.

மணிமேகலையில வர அமுதசுரபியும் அப்படித்தான். அது முதல்ல யார் கையில இருந்துது? ஆபுத்திரன். பொறந்ததும் அம்மா விட்டுட்டுப் போன குழந்தை. வேள்விக்குக் கட்டி வெச்ச பசுவ அவுத்துவிட்டதுக்காக அந்தணர்கள் ஒதுக்கி வெச்ச பையன். மதுரையில பிச்சை எடுத்து, கிடைச்சதைக் கண்ணு தெரியாதவங்களுக்கும் கால் நடக்காதவங்களுக்கும் குடுத்துட்டு மிச்சத்தைச் சாப்பிட்டவன். அவன் கைக்குத்தான் சிந்தாதேவி அந்தப் பாத்திரத்தைக் குடுத்தா. அள்ள அள்ளக் குறையாதுங்கறதை மட்டும் நாம பிடிச்சுக்கிட்டோம், பள்ளிக்கூடத்துல அதுதான் ரெண்டு மார்க் கேள்வி. எந்த வீட்டுலயும் சேத்துக்காத ஒருத்தன் கைக்குப் போனதுங்கறது கேள்வித்தாள்ல வர்றதில்ல.

சரி, புராணம் காவியமெல்லாம் தூரம். பூந்தமல்லிக்கு வருவோம். பஸ் ஸ்டாண்டும் பிரியாணிக் கடையும்தான் பூந்தமல்லின்னு நெனச்சுக்கிட்டு இருக்கறவங்களுக்கு ஒரு தகவல்: வைணவத்துல பெரிய மனுஷரான திருக்கச்சி நம்பிகள் அவதரிச்ச ஊர் அது. வரதராஜப் பெருமாள் கோயில்ல அவருக்குத் தனி சந்நிதியே இருக்கு. காஞ்சிபுரம் வரதனுக்கு விசிறி வீசற கைங்கரியம் பண்ணவர். பெருமாளே இவரோட பேசுவார்னு குருபரம்பரைக் கதைகள் சொல்லும். அந்தணர் இல்ல. ராமானுஜருக்கு அவர் மேல அவ்வளவு பக்தி. எப்படியாவது அவர் சாப்ட மிச்சத்தைத் தான் சாப்பிடணும்னு ஆசை. வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடறார். எச்சிலை வேணும்னே தேடிப் போறார், கவனிங்க.

நடந்தது வேற. ராமானுஜர் அவரைத் தேடி ஒரு வழியாப் போக, நம்பிகள் வேற வழியா வந்து, சாப்பிட்டுட்டு, கோயில் வேலைக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டார். ராமானுஜர் திரும்பி வந்தா வீடு மெழுகியிருக்கு, மனைவி தஞ்சம்மாள் குளிச்சுட்டாங்க, மிச்சம் இருந்த சாப்பாட்டை வெளிய குடுத்துட்டாங்க, அடுப்புல புதுசா உலை கொதிக்குது.

அதே வீட்டுல இன்னொரு சம்பவம். ராமானுஜரோட ஆசாரியர் பெரிய நம்பியும் அவர் மனைவியும் அங்க வந்து தங்கியிருக்காங்க. ரெண்டு பெண்களும் கிணத்துல தண்ணி சேந்தும்போது, அந்தம்மா குடத்துத் தண்ணி தெறிச்சு இவங்க குடத்துல விழுந்துடுச்சு. குடத்துத் தண்ணியே கெட்டுப் போச்சுன்னு சண்டை. ரெண்டு பேருமே பிராமணக் குடும்பம்தான், அதுக்குள்ளயே யார் குலம் உசத்திங்கறதுதான் பிரச்சினை. பெரிய நம்பி ஒண்ணும் பேசாம மனைவியக் கூட்டிக்கிட்டு ஸ்ரீரங்கத்துக்கே கிளம்பிட்டார். இதெல்லாம் சேந்துதான் ராமானுஜர் துறவுக்குப் போனார்னு கதை முடியும்.

தஞ்சம்மாளத் திட்டறதுக்காக இதைச் சொல்லல. பாவம், அந்தம்மா ஊர் உலகத்துல எல்லாரும் பண்ணதைத்தான் பண்ணாங்க. வீட்டைச் சுத்தமா வெச்சுக்கறது பொம்பள வேலைன்னு அவங்க தலையில கட்டினது யாரு? எனக்கு இதுல முக்கியமாப் படறது, அந்தக் காலத்துக் கதை சொன்னவங்களுக்கே விஷயம் நல்லாத் தெரிஞ்சிருக்குங்கறதுதான். ஒரு மனுஷனோட வாழ்க்கையே திசை திரும்பினதைச் சொல்ல அவங்க எடுத்தது போரும் இல்ல, கனவும் இல்ல. ஒரு சாப்பாட்டு மிச்சம், ஒரு குடத்துத் தண்ணி.

இந்த வியாதி ஒரு மதத்தோட நின்னா பரவாயில்ல. 1833-ல கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபையில ஜாதி பாக்கக்கூடாது, திருவிருந்துக்கு எல்லாரும் வித்தியாசம் இல்லாம வரணும்னு உத்தரவு போட்டப்ப, தஞ்சாவூர்லயும் இங்க வேப்பேரியிலயும் சபையை விட்டு வெளியேறினவங்க உண்டு. சிலுவையில சிந்தின ரத்தத்தோட அடையாளம் அந்தக் கிண்ணம்ங்கறதுல அவங்க யாருக்கும் சந்தேகம் இல்ல. தனக்கு முன்னாடி அதுல யார் வாய் வெச்சாங்கங்கறதுதான் கேள்வி.

இப்ப டீக்கடை. இரட்டைக் குவளை முறைன்னு பேப்பர்ல வரும். கண்ணாடி கிளாஸ் ஒருத்தருக்கு, அலுமினிய டம்ளர் இன்னொருத்தருக்கு, அதையும் அவரே கழுவி வெக்கணும். இன்னும் சில இடத்துல பாத்திரமே கிடையாது. பாமாவோட "கருக்கு" (1992) படிச்சவங்களுக்கு, மேல இருந்து ஊத்தற தண்ணியக் கையைக் குவிச்சு வாங்கிக் குடிக்கற காட்சி மறக்காது. அம்பேத்கருக்குப் பள்ளிக்கூடத்துல பியூன் வந்து ஊத்தினாத்தான் தண்ணி, பியூன் வரலைன்னா தண்ணி இல்ல. அந்தப் பையன்தான் வளந்து 1927 மார்ச் 20-ஆம் தேதி மகாட்ல சவுதார் குளத்துல இறங்கித் தன் கையால அள்ளிக் குடிச்சார். இந்தியாவுல தண்ணி குடிச்சதுக்காக ஒரு தேதி சரித்திரத்துல நிக்குதுன்னா அது இதுதான்.

நம்ம ஆவடிக்கும் இதுல ஒரு சின்ன ஒட்டு இருக்கு. 1955 ஜனவரியில இங்கதான் காங்கிரஸ் மாநாடு நடந்துது, சோஷலிச பாணி சமுதாயம்னு தீர்மானம் போட்டாங்க. அதே வருஷம்தான் பார்லிமெண்ட்ல தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்துது. 1976-ல பேர் மாத்தி குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம்னு ஆச்சு. அதுல நாலாவது பிரிவைப் படிச்சுப் பாருங்க. கடை, ஓட்டல், கிணறு, குளம்னு சொல்லிக்கிட்டே வந்து, ஓட்டல்ல வெச்சிருக்கற பாத்திரத்தைப் பயன்படுத்த விடாம தடுக்கறதையும் தனியாக் குறிப்பிட்டுக் குத்தம்னு சொல்லியிருக்கு. ஒரு நாட்டோட சட்டப் புத்தகத்துல டம்ளரைப் பத்தி எழுத வேண்டியிருந்துதுன்னா அந்த டம்ளர் என்ன சாதாரண டம்ளரா?

சட்டம் வந்து அறுபத்தேழு வருஷம் கழிச்சு, 2022 டிசம்பர்ல, புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயல்ல குடிதண்ணித் தொட்டியில மலம் கலந்த விவகாரத்தை விசாரிக்கக் கலெக்டரும் எஸ்.பி.யும் போனாங்க. போன இடத்துல பக்கத்து இறையூர் டீக்கடையில இரட்டைக் குவளை இருக்கறது தெரிஞ்சு தனியா ஒரு வழக்கு. 2024 பிப்ரவரியில தர்மபுரி மாவட்டத்துல, வயல் வேலைக்கு வந்த பட்டியல் சமூகப் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில டீ குடுத்தாங்கன்னு ரெண்டு பேர் கைது. கொட்டாங்குச்சிங்க! கோயில் கலசத்து மேல தலைன்னு சொல்லி வெச்சோமே, அதே தேங்காயோட ஓடு.

சினிமாவுல இதைச் சரியாப் பிடிச்சவர் மாரி செல்வராஜ். "பரியேறும் பெருமாள்" (2018) கடைசி ஃப்ரேம்ல ரெண்டு டீ கிளாஸ், நடுவுல ஒரு பூ. வசனம் கிடையாது. தமிழ் சினிமாவுல குடிக்கற பாத்திரம்னா அதுவரைக்கும் வில்லன் கையில விஸ்கி கிளாஸ், ஹீரோயின் கையில முதலிரவுப் பால் சொம்பு, நாட்டாமை பக்கத்துல வெத்தலைச் சொம்பு. அந்த ரெண்டு கிளாஸ் இத்தனையையும் தாண்டி நிக்குது. பக்கத்துல பக்கத்துல இருக்கு, ஆனா ரெண்டா இருக்கு. அந்த "ஆனா"தான் படம். நம்பிக்கையா முடிஞ்சுதுன்னு சிலர் சொல்றாங்க, எனக்கு அப்படித் தோணல.

"அதெல்லாம் கிராமத்துல சார், மெட்ராஸ்ல ஏது"ன்னு ஆரம்பிப்பீங்கன்னு தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்ல ஷிஃப்ட் விடற நேரத்துக்கு டீக்கடையில நின்னு பாத்தா உண்மையிலயே சந்தோஷமாத்தான் இருக்கும். லேத்துல வேலை பாக்கறவர், ஆஃபீஸ் ஐடி கார்டு மாட்டினவர், பீகார்ல இருந்து வந்த பையன், ஒடிசாக்காரன், ஆட்டோ டிரைவர். கம்பிக் கூடையில ஆறு கிளாஸ் சொருகி ஒருத்தன் கம்பெனிக்குள்ள எடுத்துட்டுப் போவான். எல்லாருக்கும் அதே கோடு போட்ட கண்ணாடி கிளாஸ், அதே பக்கெட் வெந்நீர்ல ஒரு முக்கு. (அந்தப் பக்கெட் தண்ணிய உத்துப் பாக்காதீங்க, அது வேற கதை.) யாரு முன்னாடி குடிச்சாங்கன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. அறுபதுகள்ல ஆரம்பிச்ச இந்த எஸ்டேட் எத்தனை பேருக்கு வேலை குடுத்துதுன்னு கணக்கு சொல்வாங்க. ஒரே கிளாஸ்ல எத்தனை ஊர்க்காரன் டீ குடிச்சான்னு யாரும் கணக்கு எடுக்கல.

அப்பறம் பேப்பர் கப் வந்துது. 2019 ஜனவரி 1-ல இருந்து தமிழ்நாட்டுல பிளாஸ்டிக் பூசின கப்புக்கும் தடைதான், ஆனாலும் எங்க ஏரியாவுல தாராளமாக் கிடைக்குது. கொரோனாவுக்கு அப்பறம் கிளாஸே வெக்காத கடைங்க கூட உண்டு. எனக்குப் பேப்பர் கப் பிடிக்காது. சூடு கையில ஏறும், மெழுகு வாசனை வரும், நாலு வாய்ல தீந்துடும். அதை விட முக்கியமா, ஒரே கிளாஸ்ல எல்லாரும் குடிச்ச இடத்துல இப்ப ஆளுக்கு ஒண்ணு, குடிச்சதும் குப்பை. தெரிஞ்சோ தெரியாமலோ பழைய மண் குவளைக் கணக்குக்கே போயிட்டோமோன்னு தோணும். சில ஊர்கள்ல "உங்களுக்கு கப், எங்களுக்கு கிளாஸ்"னு பிரிச்சுக் குடுக்க இதே பேப்பர் கப் உதவுதுன்னும் செய்தி வந்திருக்கு.

இதை எஸ்டேட்ல கூட வேலை பாத்த ஒரு நண்பர்கிட்ட ஒரு நாள் ரொம்ப ஆவேசமாப் பேசிட்டிருந்தேன். தெற்க இருந்து வந்தவர். முழுசாக் கேட்டுட்டு அமைதியாச் சொன்னார்: "உங்களுக்குக் கண்ணாடி கிளாஸ்னா டீ ஞாபகம் வருது தம்பி. எனக்கு எங்க அப்பா ஞாபகம் வருது. குடிச்சுட்டு அவரே கழுவி ஓலைக்கூரையில சொருகிட்டு வருவாரு. பேப்பர் கப்ல அந்த ரோதனை இல்ல பாருங்க. கடைக்காரன் மூஞ்சியப் பாக்காம குடிச்சுட்டு வீசிட்டுப் போயிடலாம்."

இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. பேப்பர் கப்பைத் திட்டறப்பல்லாம் ஓலைக்கூரையும் சேந்து கண்ணு முன்னாடி வந்து நிக்குது. ஆனா அவர் சொன்னதுலயே இன்னொண்ணும் இருக்கு. அவருக்குத் தேவைப்பட்டது சுத்தமான கப் இல்ல, கடைக்காரன் மூஞ்சியப் பாக்க வேண்டாத ஒரு டீ. அந்த மூஞ்சி மாறவே இல்லையே.

இனி நம்ம வீடு. நான் சொல்ல வந்ததே இதுதான், மத்ததெல்லாம் சுத்தி வளைச்ச பாதை.

இந்தப் பக்கத்து அபார்ட்மெண்ட்ங்கள்ல, தனி வீடுகள்ல, பின்பக்கம் துணி துவைக்கற இடத்துல பாருங்க. ஜன்னல் கம்பிக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒரு டம்ளர் கவுத்து வெச்சிருக்கும். சில வீட்டுல ஒரு தட்டும் சேத்து. கொஞ்சம் நசுங்கினது, அடுக்குல சேராதது. ஒரு தெரிஞ்சவங்க வீட்டுல தண்ணி குடிக்கலாம்னு கைக்குக் கிடைச்சதை எடுக்கப் போனேன். அந்த வீட்டம்மா பதறி, "ஐயய்யோ அது வேணாம்ண்ணா, அது வேலைக்கு வர்றவங்க டம்ளர், இருங்க நான் வேற தரேன்"னாங்க. ரொம்ப நல்லவங்க. வேலை செய்யற அம்மாவோட பொண்ணுக்கு வருஷா வருஷம் ஸ்கூல் பேக் வாங்கித் தர்றவங்க. தீபாவளிக்குப் புடவை, போனஸ் எல்லாம் உண்டு. டம்ளர் மட்டும் தனி.

கேட்டா சுத்தம்னுதான் பதில் வரும். ஜாதின்னு யாரும் சொல்லமாட்டாங்க, பாதிப் பேருக்கு அந்த அம்மா என்ன ஜாதின்னே தெரியாது. கொரோனாவுக்கு அப்பறம் இந்தப் பதிலுக்கு இன்னும் பலம். சரி, சுத்தம்னே வெச்சுக்குவோம். அந்த வீட்டுல இருக்கற அத்தனை டம்ளரையும் தினம் தேய்க்கறது யாரு? அந்த அம்மாதான். மாமியாரோட வெள்ளி டம்ளர், குழந்தையோட பால் டம்ளர், சாமிக்கு வெக்கற பஞ்சபாத்திரம் வரைக்கும் அவங்க கை படாத பாத்திரம் அந்த வீட்டுல கிடையாது. கை பட்டாச் சுத்தம், உதடு பட்டா அசுத்தம். அவங்க உதடு பட்டதைக் கழுவறதும் அதே கை, அதே சோப்பு. அந்தச் சோப்பு நம்ம எச்சிலை மட்டும் போக்குமா? ஓட்டல்ல முன்பின் தெரியாத நூறு பேர் வாய் வெச்ச டம்ளர்ல நிம்மதியாக் காபி குடிக்கற நமக்கு, வீட்டுக்குள்ள வந்ததும் எங்க இருந்து வருது இந்த விஞ்ஞானம்?

அந்த வீட்டுல வேலை பாக்கற அம்மா ஒரு நாள் அங்க டீ குடிச்சு நான் பாத்ததில்ல. "வீட்லயே குடிச்சுட்டு வந்துட்டேன்க்கா"ன்னு சொல்லிடுவாங்க. வீட்டம்மாவுக்கு வருத்தம், "எவ்ளோ சொன்னாலும் குடிக்கமாட்டேங்கறாங்க, கூச்சப்படறாங்க"ன்னு. அது கூச்சம் இல்லன்னு எனக்குத் தோணுது. ஒவ்வொரு வீட்டுலயும் ஒவ்வொரு கம்பிக்குப் பின்னாடி தனக்குன்னு ஒரு டம்ளர் காத்திருக்கறவங்களுக்கு, வேணாம்னு சொல்றது ஒண்ணுதான் மிச்சம் இருக்கற மரியாதை.

ஒரே பாத்திரம்ங்கறதையே சடங்கா வெச்சவங்களும் உலகத்துல இருக்காங்க. 1699-ல ஆனந்த்பூர்ல குரு கோவிந்த் சிங் இரும்புக் கிண்ணத்துல தண்ணி ஊத்திச் சர்க்கரை போட்டுக் கத்தியால கலக்கி, வேற வேற ஜாதியில இருந்து வந்த அஞ்சு பேரை அந்த ஒரே கிண்ணத்துல இருந்து குடிக்க வெச்சார். கால்சா அப்படித்தான் தொடங்கிச்சு. ஜப்பான்ல தேநீர்ச் சடங்குல கெட்டியான டீய ஒரே கிண்ணத்துல கலக்கி, வந்த விருந்தாளிங்க வரிசையா குடிச்சு, வாய் வெச்ச இடத்தைத் துடைச்சுட்டு அடுத்தவர் கையில குடுப்பாங்க. துடைக்கறாங்க, ஆனா மாத்தறதில்ல. சுத்தமும் இருக்கு, சேந்து குடிக்கறதும் இருக்கு. முடியாத காரியம் ஒண்ணும் இல்லையே.

நம்மகிட்டயும் பாதி தூரம் வந்த ஒண்ணு இருக்கு, ஆடி மாசக் கூழ். எங்க பக்கத்து அம்மன் கோயில் ஒவ்வொண்ணுலயும் ஞாயித்துக்கிழமை ஆனா அண்டா அண்டாவாக் கேழ்வரகுக் கூழ். ஸ்பீக்கர்ல எல்.ஆர்.ஈஸ்வரி. குண்டான், தூக்கு, சொம்பு, வாட்டர் பாட்டில்னு கையில கிடைச்சதை எடுத்துட்டு ஜனங்க வரிசையில நிப்பாங்க. அண்டா ஒண்ணுதான், பாத்திரம்தான் அவங்கவங்களது. பொட்டும் பூவும் வெச்ச அந்தப் பொங்கி வழியற அண்டாவுக்கு யாரும் மைக்ல தத்துவம் சொல்லல, நல்லவேளை. போன ஆடியில கவனிச்சேன், வேலை முடிச்சுட்டு நேரா வந்த ஒரு பாட்டிகிட்ட பாத்திரம் இல்ல. ஊத்திக்கிட்டிருந்த பையன் ஒரு செகண்டு முழிச்சான். பக்கத்துல அவன் குடிச்சுட்டு வெச்சிருந்த சொம்பை எடுத்து, டிரம்ல இருந்த தண்ணியில அலசி, அதுலயே கூழ் ஊத்தி, "குடிச்சுட்டு இங்கயே வெச்சுடுங்க ஆயா, எனக்கு வேணும்"னான்.

பாட்டியும் நின்ன இடத்துலயே வாய் வெச்சுக் குடிச்சுட்டுத் திருப்பிக் குடுத்தாங்க.

பி.கு: வீட்டுப் பரண்ல பேர் வெட்டின பழைய சொம்பு, டம்ளர் இருந்தா எறக்கிப் பாருங்க. யார் பேர் இருக்கு, எந்த வருஷம் போட்டிருக்குன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. ஈயம் பூசற ஆள் உங்க ஏரியாவுல இன்னும் வர்றாரான்னும் சொல்லுங்க, ரெண்டு பித்தளைச் சொம்பு நாலு வருஷமாக் காத்துக்கிட்டிருக்கு.